மூத்தாள் அறையின் சாவித் துவாரம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் மதுரைக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்தேன். மூத்தாள் தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். செத்த நட்சத்திரம் சரியில்லை, அடைப்பு என்று சொல்லி, அவள் கிடந்த அறையைப் பூட்டியிருந்தார்கள். கெடு முடிந்த பிறகும் அதைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எனக்கு ஏழாம் மாதம். தாயில்லாதவள், பிரசவம் புகுந்த வீட்டில்தான். அதற்கு அந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. ஒருநாள் காலையில் மாமியார் சாவியோடு, கொல்லையைப் பார்த்திருந்த அந்த அறைக் கதவுக்கு வந்தார். சாவி உள்ளே போகவில்லை. துவாரம் முழுக்கப் பச்சை இலை அடைத்திருந்தது.

"அவ வச்ச ரோசாச்செடி இலதான் இது. நம்மள உள்ள விடமாட்டேங்கிறா," என்றார். செடியில் இலைகளை யாரோ வட்ட வட்டமாகக் கத்தரித்திருப்பதை நானும் பார்த்திருந்தேன். அந்த அறையில் படுத்தால் நானும் பிள்ளையும் எழுந்திருக்க மாட்டோம் என்றே நம்பினேன்.

ஆனால் நான் சோழவந்தான்காரி. எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திப்பூவுக்கு வருகிற தேனீக்களை இனம் பிரித்துச் சொல்வதுதான் சின்ன வயதில் என் பைத்தியம். பயந்து சாவதைவிடப் பார்த்தே விடுவது என்று கொல்லையில் போய் உட்கார்ந்தேன். அவரைப் பூவுக்குக் கொசுத்தேனீ வந்தது. காலில் மகரந்தத்தை உருட்டி வைத்துக்கொண்டு பொந்துத்தேனீ வந்தது. கருவண்டு வந்து பூவையே சாய்த்தது. பிறகு ஒன்று, தனியாக. அதற்குக் காலில் ஒன்றுமில்லை. அடிவயிறு முழுக்க மஞ்சள் மகரந்தம். சற்று நேரத்தில் அதுவே ரோஜாவில் ஓர் இலையைக் கத்தரித்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு நேரே சாவித் துவாரத்துக்குப் போனது.

"அத்தை, பேயும் இல்ல பிசாசும் இல்ல, தேனீ!" என்று கத்தினேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மாமியார் கொண்டை ஊசியால் நோண்டினார். இலைகள் சுருள் சுருளாக வந்தன. ஒரு சுருள் பிரிந்து, மஞ்சள் மாவோடு தேனீயின் குஞ்சு, ஒரு வெள்ளைப் புழு, தரையில் விழுந்தது. "சீ, இதுக்கா இம்புட்டுப் பயந்தோம்," என்று எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினார். கதவு திறந்தது.

நான் உள்ளே போகவில்லை. அந்தத் தேனீ இன்னோர் இலையோடு திரும்பி வந்திருந்தது. காலியான துவாரத்துக்குள் நுழைந்தது, வெளியே வந்தது, மறுபடியும் நுழைந்து பார்த்தது. இலையை மட்டும் விடவில்லை. வெறும் தேனீ என்று எனக்குத் தெரியும், கண்டுபிடித்ததே நான்தான். அப்படியும் என் கை வயிற்றைப் பொத்திக்கொண்டது. "அக்கா," என்று கூப்பிட்டுவிட்டேன்.