குணா போட்ட ரிங்

செய்தி வந்தபோது நான் சவுக்குக் கட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடை இருதயராஜ் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "விறகு ஆயா, மெக்கானிக் குணா பூட்டாரு. காலையில டீ குடிச்சிக்கினே சாஞ்சிட்டாராம்" என்றான். "எந்த குணா?" என்று கேட்டேன். திருவொற்றியூரில் மரம் அறுக்கிற மெஷினைப் பழுது பார்க்கும் குணா ஒருவன்தான். தெரிந்தும் கேட்டேன். "இன்னா ஆயா, நம்ம டூப்ளிகேட் குணாதான்" என்றான். நான் எடைக்கல்லை எடுத்து வைத்தேன். கட்டையை இறக்கினேன். அடுத்த கட்டையை ஏற்றினேன். கட்டை வாங்க வந்த பிரியாணி மாஸ்டர் தன் வண்டியில் எல்லாவற்றையும் அடுக்கிக் கயிறு கட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். அதற்குப் பிறகுதான் போய் முகத்தைக் கழுவினேன். அழுகை வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

முப்பதாம் நாள் படத்திறப்புக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிப்பதாகவும், அதில் நானும் எழுத வேண்டும் என்றும் குணாவின் மகள் செல்வி வந்து கேட்டாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், என் விறகுத்தொட்டி வாசல் பலகையில் 'இன்று விடுமுறை' என்று எழுதியதைத் தவிர வேறு எழுதியதில்லை என்றேன். "உங்களுக்குத்தான் ஆயா எல்லாம் ஞாபகம் கீது. யாரு என்னிக்கி இன்னா பேசினாங்கன்னு நீங்கதான் புட்டுப்புட்டு வெப்பீங்க" என்றாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று கேட்டாள். "எங்கப்பாவ ஏன் ஆயா எல்லாரும் டூப்ளிகேட்டுன்றாங்க? செத்த அன்னிக்கி வெச்ச பேனர்ல கூட பேருக்குப் பக்கத்துல அத்தான் போட்டிருந்தாங்க. யாராண்ட கேட்டாலும் தெரியலன்றாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா அதயும் எழுதுங்க."

எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் குணாவை முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர் செத்த வருஷம். விறகுத்தொட்டியைக் கோடாலி பிடிக்கிற ஆட்களை வைத்து ஓட்ட முடியவில்லை. ஒருவன் வந்தால் ஒருவன் வரமாட்டான். எண்ணூர்ப் பக்கம் ஒருவரிடம் பழைய மெஷின் ஒன்று வாங்கினேன். கயிற்றை இழுத்தால் உறுமும், உடனே அணையும். தேரடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சந்தில் குணாவின் கடை இருந்தது. ஒரு மர மேஜை, ஒரு ஸ்டூல், மேலே தகரம். மெஷினை வாங்கியவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். காற்று போகிற ஃபில்டரை எடுத்து மேஜையில் தட்டினான். ஒரு பிடி மரத்தூள் கொட்டியது. "இன்னாக்கா இது, மூக்குல துணிய அடச்சிட்டு ஓடுன்னா எப்டி ஓடும்?" என்று சிரித்தான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தான் என்று நினைத்தேன். அதை நான் மறக்கவில்லை.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது, உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். வேலை முடிந்த மெஷினை அவன் ஓட்டிக் காட்டமாட்டான். நம் கையில் கொடுத்து நம்மையே இழுக்கச் சொல்வான். மூன்று இழுப்பு. மூன்றுக்குள் ஓடினால் எடுத்துப் போகலாம். ஓடாவிட்டால் மறுபடி மேஜைக்குப் போய்விடும். அன்று சந்தில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெஷினைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். ஒன்று. இரண்டு. "நீயே இழுத்துக் குடுத்தா இன்னாடா, கையா தேஞ்சிடும்?" என்று கத்தினேன். "என் கைல ஓட்னா எனக்கு ஓடுதுன்னு அர்த்தம்க்கா. தொட்டில நானா வந்து நிக்கப் போறேன்? இழு" என்றான். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சந்து முழுக்கப் புகை. நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அவன் சொல்லித்தான் தெரியும்.

எண்ணெய் கலக்கவும் அன்றே சொல்லிக் கொடுத்தான். இந்த மாதிரி மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக்கூடாது. உள்ளே ஓடுகிற பிஸ்டனுக்கு எண்ணெய் தனியாகப் போக வழி கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் போக வேண்டும். இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்றை எனக்குக் கொடுத்தான். லிட்டருக்கு நாலு மூடி. கலந்தால் பெட்ரோலுக்கு லேசாகப் பச்சை ஏறும். "பச்சயா இருந்தா ஊத்து. தண்ணி மாரி இருந்தா கிட்டயே போவாத" என்றான். நான் ஒருநாளும் தவறியதில்லை. ஒரே ஒருநாள் தவிர.

அவன் மேல் எனக்குக் கோபங்கள் உண்டு. என் வீட்டுக்காரரின் தம்பி வீரமுத்துவும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் வீரமுத்து மகள் கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். கேட்டதற்கு, "சோறு நல்லா இருந்திச்சிக்கா" என்றான். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, வெளியே நான் மெஷினோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டே கடையைச் சாத்தினான். ஒருமுறை என் மெஷினை முன்னால் வாங்கிவிட்டுப் பின்னால் வந்தவன் மெஷினை முதலில் முடித்துக் கொடுத்தான். செத்தவனைப் பற்றி இதையெல்லாம் எழுதலாமா என்று செல்வி கேட்பாள். அவன் இருந்தபோது அவனிடமே சொன்னவைதான் இவை.

இனி அந்தப் புயல் வருஷம். ஊரில் நின்ற மரங்களில் பாதி ரோட்டில் கிடந்தன. எங்கள் தெரு முனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்து, அந்தப் பக்கம் ஒரு வண்டியும் போக முடியவில்லை. கரண்ட் இல்லை. வீட்டுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தோம். பெட்ரோல் பங்கில் நின்று வாங்கி வந்ததை, சமையல் எண்ணெய் வருகிற வெள்ளை கேன்கள் இரண்டில் ஊற்றி வைத்திருந்தேன். ஒன்று ஜெனரேட்டருக்கு, இன்னொன்று நாலு மூடி கலந்தது. காலையில் மெஷினுக்கு நான்தான் பெட்ரோல் ஊற்றினேன். என் தொட்டியில் மெஷின் பிடிக்கிற ஏழுமலை கயிற்றை இழுத்தான். ஓடியது. கால் மணி நேரம் அறுத்திருப்பான். சத்தம் கீச்சென்று ஏறியது. அப்படியே நின்றது. மறுபடி இழுத்தால் கயிறு வரவே இல்லை. உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது.

புயலுக்கு இரண்டு நாள் முன்புதான் குணா அந்த மெஷினில் பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங்கைப் புதிதாகப் போட்டிருந்தான். அது ஒன்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. மெஷினை ஒரு கையிலும் காலையில் ஊற்றிய கேனை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். பெட்ரோல் கிடைக்காத நேரம், அவரவர் பெட்ரோலைக் கொண்டு வரச் சொல்லியிருந்தான். மெஷினோடு ஒரு பெரிய வரிசை நின்றது. மரம் அறுக்கிற காண்டிராக்டர்கள், கார்ப்பரேஷன் வேலைக்கு வந்தவர்கள், வியாசர்பாடியிலிருந்து வந்த ஆட்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்த வரிசையில் நின்றீர்கள். பேர் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு முகம் ஞாபகம் இருக்கிறது.

வரிசையைத் தாண்டிப் போய் மெஷினை மேஜையில் போட்டேன். "டூப்ளிகேட் ரிங்கப் போட்டுட்டு ஒரிஜினல்னு சொன்னியாடா? ஊரே மரத்துக்கடியில கெடக்குது, என் மெஷினக் கொன்னுட்டியே! டூப்ளிகேட்! நீயே ஒரு டூப்ளிகேட்!" என்று கத்தினேன். என் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வரிசையில் ஒருவன் சிரித்தான். அங்கே வீரமுத்துவும் நின்றிருந்தான். அவன் என்னிடம் பேசவில்லை, சத்தமாகக் காற்றைப் பார்த்துப் பேசினான்: "சோறாக்கற கைக்கி மெஷினக் குடுத்தா இத்தான் நடக்கும். இன்னாத்த ஊத்துச்சோ, எவன் கண்டான். தொட்டிய என்னாண்ட வுட்டுட்டு வூட்ல குந்தச் சொல்லுங்கப்பா." வீட்டுக்காரர் போனதிலிருந்து அவன் அந்தத் தொட்டிக்காகக் காத்திருந்தான். பஞ்சாயத்து வைத்துப் பெரிய மனிதர்களிடம் சொல்ல அவனுக்கு ஒரு காரணம்தான் தேவைப்பட்டது.

குணா சைலன்சரைக் கழற்றினான். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். பிஸ்டன் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல். உலர்ந்து கிடந்தது, ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அவன் என் கையிலிருந்த கேனைப் பார்த்தான். மூடியைத் திருகி, உள்ளே ஒரு விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு வீரமுத்துவைப் பார்த்தான். கேனை மூடி மேஜைக்கு அடியில் தள்ளினான்.

"ரிங்குதான்க்கா. என் தப்புதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "ஒடஞ்சி உள்ள போயி கீறிட்சி. நானே புதுசு போட்டுத் தரேன். யோவ் வீரமுத்து, உன் மெஷின்ல செயின் தொங்குது பாரு. மொதல்ல அத்த இஸ்து கட்டு, அப்பறம் தொட்டியப் பாக்கலாம்."

வரிசை கலைய ஆரம்பித்தது. ஒருவர் பின் ஒருவராக மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு மெக்கானிக்கைத் தேடிப் பெரம்பூர்ப் பக்கம் போனார்கள். போகிறபோது ஒருவன், "டூப்ளிகேட் குணா, வரட்டா?" என்றான். அந்தப் பேர் அன்றைக்குத்தான் பிறந்தது. இந்த ஊரில் ஒரு பேரை வைத்துவிட்டால் அதைக் கழற்றுகிற ஸ்பேனர் எந்தக் கடையிலும் கிடையாது. காண்டிராக்டர்கள் பல வருஷம் அவன் கடைக்கு வரவில்லை. கொசு மருந்து அடிக்கிற மெஷினையும், புல் வெட்டுகிற மெஷினையும் வைத்துப் பிழைத்தான்.

மூன்றாம் நாள் மெஷினை வாங்கப் போனேன். மூன்று இழுப்பு இழுத்தேன். ஓடியது. மேஜைக்கு அடியிலிருந்து என் கேனை எடுத்தான். அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியை முடிச்சுப் போட்டிருந்தான். "செவப்பு கட்னது மெஷினுக்கு மட்டும்க்கா. இதுல நாலு மூடி கலந்துதான் வெச்சிக்கீறேன். மத்த கேன எதுக்கு வேணா ஊத்திக்கோ" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பச்சை. அப்போதுதான் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. நான் ஊற்றியது பச்சையாக இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது. ஜெனரேட்டர் கேன்.

என் ஞாபகத்தைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு யார் செய்த தப்பும் மறக்காது. அன்றைக்கு என் தப்பும் மறக்காமல் வந்து நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கேனையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் தொட்டி போயிருக்கும் என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது அந்த வாரத்துக்குச் சரி. பிறகு வந்த வருஷங்களுக்கு அது பதில் இல்லை. வீரமுத்துவும் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை.

சொல்லாததோடு நிற்கவில்லை. அவன் மேல் கோபம் வைத்தேன். என் தப்பு அவனுக்குத் தெரியும் என்பதுதான் அந்தக் கோபம். அவன் கடைக்குப் போனால் ஸ்டூலில் உட்காரமாட்டேன். டீ வாங்கி வைத்தால் குடிக்கமாட்டேன். "ஆறிடும்க்கா" என்பான். ஆறட்டும் என்பேன். போன பொங்கலுக்கு முன்பு ஒருநாள் பகலில், கடையில் யாரும் இல்லாதபோது, "அன்னிக்கி ஏன்டா அப்டி சொன்ன?" என்று கேட்டுவிட்டேன். கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்தான். "என்னிக்கி?" என்றான். "புயல் அன்னிக்கி." அவன் ஊதுவதை நிறுத்தவில்லை. "மெஷினு ஓடுதாக்கா?" "ஓடுது." "அப்பறம் இன்னாக்கா பேஜாரு? ஸ்டூல்ல குந்து, கால் வலிக்கும்." நான் உட்காரவில்லை. உட்கார்ந்திருக்கலாம்.

அவனை எடுத்த அன்று பறை அடித்தார்கள், பூ இறைத்தார்கள். சந்து முனையில் அந்த பேனர் நின்றது. அவன் சிரிக்கிற படம். பேருக்குப் பக்கத்தில் நான் வைத்த பேர். வைத்தவர்கள் அன்பாகத்தான் வைத்தார்கள். அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மார்பில் அடித்துக்கொண்டு அழுத பெண்கள் என்னையும் பிடித்து உலுக்கினார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கல் மாதிரி நின்றேன். வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சோறு வடித்தேன்.

செல்வி, நீ கேட்டாயே, அந்தப் பேருக்குக் காரணம் இதுதான். படத்திறப்புக்கு வைக்கிற பேனரில் குணசேகரன், மெக்கானிக் என்று மட்டும் போடச் சொல். யாராவது ஏன் என்று கேட்டால் இந்தத் தாளைக் காட்டு. என் பேரையும் சொல்: தனம்மாள், விறகுத்தொட்டி.

அவனுடையதாக என்னிடம் இருப்பவை சில. இருமல் மருந்து மூடி ஒன்று. ஓரம் உடைந்துவிட்டது, இன்னும் அளக்கிறது. சிவப்புத் துணி, வெயிலில் வெளுத்து இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அவிழ்க்கவில்லை. மூன்று இழுப்பு. இன்று காலை ஏழுமலையை நகரச் சொல்லிவிட்டு, மெஷினைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டு நானே இழுத்தேன். ஒன்று. இரண்டு. தோள் வலித்தது. மூன்றாவதில் ஓடியது. புயல் வருஷத்தில் அவன் போட்ட அதே பிஸ்டன், அதே ரிங். அதற்கு முன்னால், நான் டூப்ளிகேட் என்று சொன்னேனே, அந்த ரிங்கும் நல்ல ரிங்தான். தப்பான பெட்ரோலை ஊற்றியவள் நான்.