எழுதாத மறதி

நாடகம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில், நடிகருடைய கோட்டின் கையை நான் இஸ்திரிப் பெட்டியால் தீய்த்துவிட்டேன். நாடகக் கம்பெனி முதலாளி கத்திக்கொண்டே வந்தார். “நான்தான்யா சிகரெட்டால சுட்டுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, அதே கோட்டை மாட்டிக்கொண்டு மேடைக்குப் போனார் நடிகர். பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் பதினோரு வருடமாக இந்த மனிதரோடு மல்லுக்கட்டுகிறேன். இல்லாவிட்டால் என்றைக்கோ பெரிய கும்பிடாகப் போட்டிருப்பேன்.

தேநீர் கொடுத்தால் ஆறிப்போச்சு என்பார். சுடவைத்துக் கொடுத்தால் நாக்கு வெந்துபோச்சு என்பார். துண்டில் சுற்றிய போத்தல் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். கேட்டால் இருமல் மருந்தாம்.

“உங்களுக்கு இருமலே இல்லையேய்யா?”

“அப்போ மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

இப்போது அவர் நடிப்பது ஒரே ஆள் நடிக்கும் நாடகம். வயதாகி, வேடம் வராமல், குடித்துக் கெட்டு, பெற்ற மகளும் பேசாமல் போன ஒரு நடிகனின் கதை. அந்த நடிகன் மூன்று இடத்தில் வசனத்தை மறப்பதாக எழுதியே இருக்கிறது. இவரோ எழுதாத இடத்திலும் மறப்பார். உடுப்பைப் பார்த்துக்கொள்வதோடு, மேடை ஓரத் திரை மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. “நீ எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள ஜனம் வீடு போய்ச் சேர்ந்துடும்” என்று திட்டினார். மனம் நொந்து, காலைப் பிரார்த்தனையைப் போல முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்தேன். அதற்கும் ஒரு சொல்: “எனக்கு வராதது உனக்கு வருதுன்னு குத்திக் காட்டறியா?”

போன மாதம் அந்த நாடகத்தைப் படம் பிடிக்க வந்தார்கள். நாற்பது வருடமாக நடித்தவரை யாரும் ஒரு தடவைகூடப் படமாக எடுத்து வைத்ததில்லை. ஆளில்லாத அரங்கு, மூன்று கேமரா. நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் நடிக்க வேண்டும். முதல் தடவை இருமல் மருந்து கெடுத்தது. இரண்டாம் தடவை, கேமராக்காரர் கொட்டாவி விட்டார் என்று பாதியில் நிறுத்திச் சண்டைக்குப் போனார்.

“சார், ஆறு மணிக்கு அரங்கை ஒப்படைக்கணும். இதுவும் நின்னா படமே இல்ல” என்றார் இயக்குநர். என் பக்கம் திரும்பி, “அக்கா, நீங்க வாயைத் திறந்துடாதீங்க. மைக்ல விழுந்துடும்” என்றார்.

என் உதட்டசைவையாவது பார்க்கட்டும் என்று, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன்.

“சும்மா இரும்மா. கண்ணாடி போட்ட கதாநாயகனை எவன் பார்ப்பான்?”

மூன்றாம் தடவையில், எழுதிய மூன்று மறதியும் ஒழுங்காகக் கடந்தன. கடைசியில் அந்த நடிகன் மகளுக்குத் தொலைபேசியில் பேசும் இடம். ரிசீவரை எடுத்தார். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நின்றுவிட்டார்.

பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் படம் போயிற்று. சொல்லாவிட்டால் மனிதர் போனார். கடவுளே என்று வேண்டிக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டசைவில் மட்டும் பெயரைச் சொன்னேன். அவர் என்னைத்தான் பார்த்தார், மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ரிசீவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “பெத்த பொண்ணு… பேரு வரமாட்டேங்குதே” என்றார். மெல்லச் சிரித்தார். அடுத்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, நாடகத்தை முடித்தே விட்டார்.

இயக்குநர் கண்ணைத் துடைத்தபடி ஓடிவந்தார். “சார், நாடகத்துல இப்படி எழுதவே இல்லையே! எங்கேருந்து சார் பிடிச்சீங்க?”

“அதெல்லாம் அனுபவம், தம்பி.”

அரை மணி நேரம் அந்த அனுபவத்தைப் பற்றியே பேசினார். கோட்டைக் கழற்றவைப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. பையையும் தூக்கிக்கொண்டுபோய் அவரைக் காரில் ஏற்றிவிட்டேன். கதவைச் சாத்தியதும் கார்க் கண்ணாடியைக் கீழே இறக்கினார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

“இப்பவாவது சொல்லித் தொலையேம்மா. அந்தப் பொண்ணு பேரு என்ன?”