சித்தேரி மலையில் விதைப்புக்கு முன் ஒரு ஜெபம்

கடந்த ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தேரி மலைக்குப் போனேன். அங்கே ஆசிரியையாக இருக்கும் என் தோழி மெர்சி அழைத்திருந்தாள். "விதைக்கறதுக்கு முன்னாடி சர்ச்சுல விதையை வச்சு ஜெபம் பண்ணுவாங்க, கட்டாயம் வா." சிறு வயதிலிருந்து ஜெபிக்கிறேன். ஆனால் ஜெபம் எதற்கு என்று கேட்டால், வேண்டியதைக் கேட்க என்பதற்கு மேல் அன்றுவரை சொல்லத் தெரியாது.

தருமபுரியிலிருந்து அரூர் சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து மலைக்கு இன்னும் இருபத்தைந்து. அரூரில் பஸ் மாற வேண்டும். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்! மழை ஓய்ந்த நேரம், ஒவ்வொரு வளைவிலும் ஈர மண்வாசம் முகத்தில் அடித்தது.

ஓடு வேய்ந்த சிறிய சர்ச். பீடத்தின் முன் சாமை, கேழ்வரகு விதைக் கூடைகள். பாட்டு முடிந்து பாஸ்டர் கைகளை உயர்த்தியதும், சாமுவேல் என்ற விவசாயி எழுந்தார்.

"ஐயா, எனக்கு ஜெபம் பண்ண வாய் வரலீங்க. வயலுக்குத் தண்ணி விடற தகராறுல எங்கண்ணங்கூடப் பேச்சே இல்ல. போயிக் கூட்டியாந்துடறேன்."

"போயிட்டு வாங்க. நாங்க இருக்கறோம்," என்றார் பாஸ்டர்.

அண்ணன் தாவீதின் வீடு எதிர்ச் சரிவில். எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டோம். சாமுவேலின் மனைவி ரூத் முந்தானையை முறுக்கிக்கொண்டே, "போன தடவ இவரு பேசப் போனப்ப அவங்கண்ணன் அருவாளத் தூக்கிட்டாருங்க," என்றார். நான் திரும்ப வேண்டிய பஸ் கீழே ஹாரன் அடித்துவிட்டுப் போனது. போகட்டும் என்று நின்றேன்.

"வராங்க! ரெண்டு பேரும் வராங்க!" மெர்சி கத்தினாள்.

முன்னால் தாவீது, தலையில் கூடை. படியருகே தயங்கினார். "தண்ணி முறைய நாளைக்கு உக்காந்து பேசிக்கலாம். என் விதையும் உள்ள வைக்கலாங்களா?"

ரூத் ஓடிப்போய்க் கூடையை இறக்கினார். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். ஜெபம் ஒரு நிமிடம்கூட இருக்காது. 'ஆமென்' சொன்னபோது நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கடவுளிடம் கேட்க உட்கார்ந்த மனிதரை, கேட்பதற்கு முன்பே ஜெபம் எழுப்பி நடக்கவைத்துவிட்டது. அது எதற்கு என்று இப்போது யாராவது கேட்டால், அந்தச் சரிவைக் காட்டுவேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் நேரத்தை அரூரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே கடைகள் குறைவு, வேண்டியதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு என்றால் இரவு தங்கத் தயாராகப் போங்கள். நான் தாவீது வீட்டில் தங்கினேன். களி பரிமாறியவர் சாமுவேல்.