சராசரி இரண்டு நாள்

குடியிருப்பு வாரிய அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'தேடல் அக்கா'தான். பத்து வருடப் புகார்களையும் கணினியில் ஏற்றி, ஒரு சொல்லைத் தட்டினால் அது வருகிற மனுக்களெல்லாம் திரையில் வந்து நிற்கும்படி செய்தவள் அவள். மனுக்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமும் வரும். பழுது பார்க்கக் குறைந்தது எத்தனை நாள், அதிகம் எத்தனை, சராசரி எத்தனை என்று அது சொல்லும். பாழாய்ப்போன அந்தக் கட்டம்தான் இப்போது அவள் உயிரை எடுத்தது.

காலையில் பொறியாளர் 'லிஃப்ட்' என்று தட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இருநூத்தி பன்னெண்டு புகார். சராசரி ரெண்டே நாள்! பாத்தீங்களாம்மா? இதுக்கு எதுக்கு ரெண்டு மெக்கானிக்? ஒருத்தரை நிறுத்திடலாம்னு எழுதப் போறேன்."

அவள் குடியிருப்பதும் வாரியக் கட்டடத்தில்தான், ஏழாவது மாடியில். லிஃப்ட் நின்று, மனு கொடுத்துத் தொண்ணூற்று நான்கு நாளாகிறது. பக்கவாதம் வந்த மாமனார் அன்றிலிருந்து உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகவில்லை. விரியத் தொடங்கியிருந்த கை மறுபடி மடங்கிக்கொண்டு வந்தது. இருக்கிற இரண்டு பேரிலும் ஒருவர் போய்விட்டால் மாமனார் எப்போது கீழே இறங்குவது?

"சார், அது வேலை முடிஞ்சதுக்கு மட்டும் வர்ற சராசரி. மெக்கானிக் முடிச்சாத்தான் 'நாள்'ங்கற எடத்துல எண் போடுவோம். முடியாதது காலியா கெடக்கும். காலியா இருக்கறதைக் கட்டம் சேர்த்துக்காது. கடைசி வரியைப் பாருங்க."

கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது. விடுபட்டவை: 151.

"அறுபத்தொண்ணுக்குத்தான் சார் அந்த ரெண்டு நாள். மீதி அத்தனையும் இன்னும் அப்படியே நிக்குது."

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அப்பாடா, ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

"நூத்தம்பத்தொண்ணு காலியாவா? மேலே போற அறிக்கைம்மா இது, அசிங்கமா இருக்கு. எல்லாத்துலயும் பூஜ்யம் போட்டுடுங்க."

"ஐயோ சார்! பூஜ்யம் போட்டா, மனு வந்த அன்னிக்கே சரி பண்ணிட்டோம்னு ஆயிடும்!"

"அதெப்படி ஆகும்? ஒண்ணும் நடக்கலை, அதனால பூஜ்யம். இதுல என்ன தப்பு?"

தாளில் கூட்டிக் காட்டினாள், வகுத்துக் காட்டினாள். தொண்டை வற்றியதுதான் மிச்சம். கடைசியில் அவர் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டார். அந்தப் புண்ணியவான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பத்தே நிமிடத்தில் முடித்துக்கொடுத்தார். கடைசி வரி 'விடுபட்டவை: 0' என்று ஆனது. சராசரி அரை நாளுக்கு வந்து நின்றது.

"பாத்தீங்களா, இன்னும் கொறைஞ்சிருக்கு!" பொறியாளர் வாயெல்லாம் பல்லாக, ஒரு மெக்கானிக்கை நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு அந்தக் கணினியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போல் ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் ஏழு மாடியும் ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் திறந்தாள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, நம்ம லிஃப்ட் மனு என்னாச்சு? பாத்தியா?"

"பாத்தேன் மாமா," என்றாள். "குடுத்த அன்னிக்கே சரி பண்ணிட்டாங்களாம்."