சலவைக்கடைப் போர்டுக்குப் போன முடி

நிஜமாக நடந்த கதை இது, என் தலையில் அடித்துச் சொல்கிறேன். ஆனால் ஒரு முழம் நிஜத்துக்கு ஒன்றரை முழம் என் கைச்சரக்கு இருக்கும். வெறும் நிஜத்தைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற நூலக்காவுக்கு முடி அவ்வளவு மெல்லிசு. ஈ பறந்தால் கலையும். அதே கடையில் துணி வாங்கி வைக்கிறவள் அவளுடைய கொழுந்தன் மனைவி, சின்னவள். அவள் பின்னலோ ஆனையைக் கட்டலாம். இருவரும் ஒரே வீடுதான்; மாடியில் சின்னவள் தலைமுடி காயவைக்கிற பெரிய டிரையரை ஓட்டினால் கீழ்வீட்டில் நூலக்காவின் வயிறு எரியும்.

முதலாளி ஒருநாள் குண்டைப் போட்டார்.

"புது போர்டுல உங்க ரெண்டு பேருல ஒருத்தரு படம் வரணும். சனிக்கிழமை பத்து மணிக்கு போட்டோக்காரர் வருவாரு. தலை பளபளன்னு இருக்கறவங்கள எடுப்பாரு."

அன்று சாயங்காலமே நூலக்கா டிரையர் விற்கிற கடைக்கு ஓடினாள்.

"இருக்கறதுலயே பெருசா குடுங்க. மாடியில இருக்கறதைவிடப் பெருசா!"

"மெல்லிசு முடிம்மா உங்களுக்கு. பெருசு கருக்கிடும்" என்றார் கடைக்காரர்.

"என் முடியைப் பத்தி நீங்க பேசாதீங்க!"

ஆனாலும் இஸ்திரிக்காரி புத்தி சும்மா இருக்குமா? மெல்லிசான கைக்குட்டை ஒன்றை ஒவ்வொரு டிரையருக்கு முன்னாலும் பிடித்துப் பார்த்தாள். பெரியதின் முன்னால் அது சுருங்கி அப்பளமானது. இரண்டே சூடும் ஒரு குளிர்காற்றுப் பொத்தானும் உள்ள குட்டி டிரையரின் முன்னால் சும்மா படபடத்தது. அதையே வாங்கினாள். சின்னச் சூட்டில் காயவைத்து, கடைசியில் குளிர்காற்றுக் கொடுத்தாள். முடி புஸ்ஸென்று உப்பியது. கண்ணாடியே அவளை யாரென்று கேட்டது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு, நூலக்கா தன் தலையைக் காயவைத்து முடித்த நேரத்தில், சொட்டச் சொட்ட ஈரத்தலையோடு சின்னவள் கீழே வந்தாள்.

"அக்கா, என் டிரையர் புகைஞ்சு போச்சு. உங்களோடத கொஞ்சம் தாங்கக்கா."

நூலக்காவுக்குக் கை வரவில்லை. கொடுத்தால் அந்தப் பின்னல் போர்டில் ஏறி உட்காரும். கொடுக்காவிட்டால் ஊரே வாயில் போட்டு மெல்லும். நெஞ்சு இஸ்திரிப் பெட்டி மாதிரி காய்ந்தது. கடைசியில் நீட்டினாள்.

"எடுத்துக்கோடி. ஆனா சின்ன சூட்டுலயே வை. பெருசுல வெச்சா முடி பாழாயிடும்."

"சரிக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சின்னவள் சின்னச் சூட்டிலேயே வைத்தாள். அந்த முடிக்கு அது கடலைக் காயவைக்க ஊதுகிற ஊதல். ஒன்பதாகி, பத்தாகி, பத்தரையும் ஆனது. போட்டோக்காரர் நூலக்காவை எடுத்துவிட்டுக் கிளம்பினார். பதினொன்றுக்குச் சின்னவள் வந்தபோதும் நுனி சொட்டிக்கொண்டிருந்தது. போர்டில் இன்றைக்கும் சிரிக்கிறது நூலக்காவின் முகம்.

"நல்ல மனசுக்காரிப்பா, இருந்த ஒண்ணையும் தூக்கிக் குடுத்திருக்கா!" என்றார் டீக்கடைக்காரர்.

"மண்ணாங்கட்டி! காயாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்திருக்கா!" என்று எகிறினாள் பூ விற்கிறவள்.

"அது அவ தன் முடிக்கே செய்யற யோசனைதான்!" என்றார் டீக்கடைக்காரர்.

"உங்க பொண்டாட்டி இப்படிச் செஞ்சா ஒத்துப்பீங்களா?"

"ஏய், என் பொண்டாட்டியை எதுக்கு இழுக்கறே?"

டம்ளர் பறந்தது. நான் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் இருந்தேன்.