பிடிக்கிற ஆள் இல்லாத படம்

போன ஞாயிறு மகள் என்னைச் சூரிச்சில் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஓவியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சட்டத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்பதுதான். மண்டபத்தில் தரைமெழுகு மணத்தது. அந்த மணத்தின் பின்னால் போனவன் ஒரு படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு சர்க்கஸ்காரன், ஊஞ்சலை விட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டியபடி அந்தரத்தில். முகத்தில் வாய் இல்லை. மெக்சிக்கோ ஓவியர் ஒருவர் தள்ளாத வயதில் வரைந்ததாம். மகள்தான் வாசித்துச் சொன்னாள்.

ஒருகாலம் அது சூக் நகரில் ஒரு பெரிய வீட்டின் படிக்கட்டுச் சுவரில் தொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் நானும் மரியதாசும் அங்கே துப்புரவு வேலை. அவன் மன்னார்க் கடற்கரைக்காரன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் காத்திருந்தவன். எனக்கு விசா, அதாவது இங்கே தங்கும் அனுமதி, கிடைத்திருந்தது. அந்த மிதப்பில் கண்டவருக்கெல்லாம் புத்தி சொல்லித் திரிந்தேன்.

"மச்சான், இவனைப் பிடிக்கிற ஆளை ஏன் கீறேல்லை?" என்பான்.

"நான்தானடா அந்த ஆள். படத்துக்கு வெளியிலை நிக்கிறன்," என்று வாக்யூம் குழாயை நீட்டுவேன்.

"உன்னை நம்பினால் அவன் தரையிலைதான்!"

அவனுடைய சொந்தக் கதை சின்னது. தம்பி வள்ளத்தில் போனான், நேவி மறித்தது, திரும்பவில்லை. "அதுக்குச் சாட்சி கடல்தான். கடலை இஞ்சை கூட்டிவரேலுமோ?" என்றான். ஆகவே என் கதையைக் கொடுத்தேன். வவுனியாவில் என்னை அடைத்துவைத்த அறை, அடி, எல்லாம். அப்போது நாங்கள் அப்படித்தான்; விசா எடுத்துத் தந்த கதையை, கலியாண வீட்டுக்குக் கோட்டு இரவல் கொடுப்பதுபோலக் கொடுப்போம். படிகளைத் துடைத்தபடியே பாடமாக்கினான். அறைக்கு யன்னல் இல்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துபோனேன்.

விசாரணையில் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"ஓம், யன்னலாலை கடல் தெரிஞ்சது," என்றானாம்.

வவுனியாவில் எங்கே கடல்? கடல் தெரியாத யன்னல் ஒன்று அவனுக்கு நினைக்க வராது.

விண்ணப்பத்துக்கு நெகட்டிவ் வந்தது. கடிதத்தோடு என்னிடம்தான் வந்தான். "நீ சரியாத்தான் சொன்னாய். நான்தான் யன்னலை வைச்சிட்டன்," என்று எனக்கு ஆறுதல் சொன்னான். பிறகு அவனைத் திருப்பி அனுப்பினார்கள்; கொழும்பு விமான நிலையத்திலிருந்து ஒரே ஒரு அழைப்பு. "இறங்கிட்டன் மச்சான். வாசலிலை ரெண்டு பேர் நிக்கினம். பிறகு கதைக்கிறன்."

கதைக்கவில்லை.

சூக் வீட்டை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அந்தப் படிகள் இல்லை. அவன் தந்திருந்த மன்னார் வீட்டு எண்ணை அழைத்தால், யாரோ ஒரு பெண் சிங்களத்தில் "யார்?" என்கிறாள்.

"அப்பா, இந்தப் படம் உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள் மகள்.

"துடைச்சிருக்கிறன்," என்றேன்.