பதினேழு புள்ளி ஒன்பது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன் நான். சிதம்பரத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை. வீடியோ பார்த்துப் பார்த்தே மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்குப் புரோகிராம் எழுதப் பழகி, அந்தத் திமிரில் நெல்லின் ஈரத்தை அளக்கும் மீட்டர் ஒன்றைச் செய்துவிட்டேன்.

கீரப்பாளையத்தில் என் அக்கா வீட்டுக்காரர் ரோட்டோரம் நெல்லைக் காயப்போட்டிருந்தார். ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிழக்கே வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன் பதினேழுக்குள் இறங்கினால் பிழைத்தோம்.

லேப்டாப்பை டிராக்டர் பெட்டிமேல் வைத்து நெல்லில் நட்ட மீட்டரின் ஒயரை அதில் சொருகினேன். திரையில் எண் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி வந்தது.

“என்னா மச்சான், மெஷினு நம்மளயே கேக்குது?” என்றார் மாமா.

அந்தச் சின்ன போர்டுக்குப் புள்ளி வைத்த எண்ணை எழுதிக்காட்ட வராதாம். எனக்கும் ஆறாம் வகுப்பில் வரவில்லை, அதனால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. எண்ணை இரண்டாக வெட்டினேன். முழு எண் தனி, மிச்சம் இரண்டு இலக்கம் தனி, நடுவில் நானே வைத்த புள்ளி. 17.24 என்று வந்தது. ரோட்டில் ஒரு குத்தாட்டமே போட்டேன்.

மாமா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தார். 17.15. 17.11. அப்புறம் 17.9!

“ஏன் மச்சான், வெயில்ல காயற நெல்லுக்கு ஈரம் ஏறுமா?”

“காத்துல ஈரம் ஜாஸ்தி மாமா” என்றேன், பெரிய விஞ்ஞானி போல. பாவம், அவர் இன்னும் வேகமாகக் கிளறினார். 17.7. 17.6.

சாக்கோடு வந்த அக்கா திரையில் வரிசையாக நின்ற எண்களை எட்டிப் பார்த்தாள். “பதினொண்ணு, ஒம்போது, ஏழு, ஆறு... ஒழுங்காத்தானடா எறங்குது? இதுல என்னா சண்ட?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது ஒன்பது இல்லை, பூஜ்யம் ஒன்பது! மிச்சம் பத்துக்குக் கீழே போனதும் முன்னால் நிற்க வேண்டிய பூஜ்யத்தை என் புரோகிராம் விழுங்கியிருந்தது. உடனே ஒரு வரி சேர்த்தேன். 17.04.

“எங்கேந்து மச்சான் வந்துது இந்த சைபரு?”

“என் மார்க் ஷீட்லதான் நெறய கெடக்குதே மாமா.”

16.98 வந்ததும் மூவரும் பேய் பிடித்ததுபோல் அள்ளினோம். கடைசி மூட்டை ஏறியபோது தூறல். தார்ப்பாய் நெல்லுக்கு, என் லுங்கி லேப்டாப்புக்கு. உள்ளே டவுசர் இருந்தது.

கொள்முதல் நிலையத்தில் அவர்களுடைய மீட்டர் 16.9 காட்டியது. மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கிருந்த அதிகாரியிடம் குனிந்து கேட்டார்:

“சார், உங்க மெஷினு நடுவுல சைபரு எதுவும் முழுங்கலயே?”